போடாத பதிவு

போடாமல் விட்ட ஒரு பதிவைப் பற்றி எழுதுகிறேன். கடைகளுக்காக முகநூலில் போட்ட பதிவுகளுக்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எந்த வயதுக்காரர், எந்த ஊர் என்று மாதக் கடைசியில் அறிக்கையாக்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குகிறோம். போடாததற்கு அறிக்கை எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

முகநூலில் பரவிய வீடியோ இவ்வளவுதான். நாங்கள் விளம்பரம் செய்கிற ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கதவு வழியாக யாரோ கைபேசியில் எடுத்தது. பராட்டாவுக்கு உருட்டி வைத்த மாவுருண்டைகள் தரையில் கிடக்கின்றன. ஒரு பையன் குந்தியிருந்து அவற்றைப் பொறுக்கி வாளியில் போடுகிறான். மேலே, ‘இதைத்தான் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்’ என்று ஒரு வரி. தட்டு சரிந்து விழுந்ததும் அதில் இல்லை, அந்த வாளி நேரே கழிவுத் தொட்டிக்குப் போனதும் அதில் இல்லை. கடையின் சிசிடிவி கெமராவில் இரண்டும் இருந்தன. நான் பார்த்தேன்.

பதில் போடக் கூடாது என்று சொன்னவன் நான். கடை முதலாளி ஹாஜியாருக்கு முதலில் கோபம். அன்றைக்கே நேரலையில் வந்து, வீடியோ எடுத்தவனைப் பெயர் சொல்லித் திட்டவேண்டும் என்று நின்றார். அவரைத் தடுத்தது என் தொழில்வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் அதற்கு அடுத்து வந்தது.

பையன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“அண்ணன், கடைப் பேஜில் ஒரு வரி போடுங்கள். என் பெயர் வேண்டாம். அந்தப் பையன் கொட்டுவதற்குத்தான் எடுத்தான் என்று மட்டும் போட்டால் போதும்.”

“போட்டால் இன்னும் பரவும் தம்பி. கொஞ்சம் பொறுத்திரு, தானாக அடங்கிவிடும்.”

“பரவவேண்டிய இடத்துக்கெல்லாம் பரவிவிட்டது அண்ணன்.”

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டிருப்பேன். வழக்கமாக அதைத்தான் கேட்பேன்.

நான் சொன்னது பொய்யில்லை. அதைத்தான் முதலில் பதிந்துவைக்க விரும்புகிறேன். முகநூல் எந்தப் பதிவை மேலே தூக்குகிறது, எதைக் கீழே அமுக்குகிறது என்பது ஊகம் மட்டுமல்ல. 2017 முதல் சில காலம் ஒரு கோபக் குறிக்கு விருப்பக் குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தார்கள் என்பது 2021இல் வெளியான அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில் தெரியவந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்துப் பூச்சியமாக்கினார்கள். ஆனால் சண்டை பிடிக்கிற கமெண்டுகளும் பகிர்வுகளும் பதிவை மேலே கொண்டுபோகும் என்ற அடிப்படை மாறவில்லை. கடை பதில் போட்டால் பதிலுக்குக் கீழே நூறு பேர் வருவார்கள். வீடியோவைப் பார்க்காதவன், என்ன வீடியோ என்று தேடிப் பார்ப்பான். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமும் உண்டு. 2003ஆம் ஆண்டு பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கலிபோர்னியாக் கடற்கரைப் படங்களின் தொகுப்பொன்றில் தன் வீடும் இருக்கிறது என்று வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படம் தரவிறக்கப்பட்டது ஆறு தடவைதான். அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் செய்தவை. வழக்குச் செய்தி வெளிவந்த அடுத்த மாதத்தில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லாத மார்க்கெட்டிங் ஆள் கிடையாது. நானும் சொல்வேன்.

அதே வகுப்புகளில் இதற்கு நேர் எதிரான கதையையும் சொல்கிறோம் என்பது வேறு விஷயம். 1982இல் சிகாகோவில் டைலனால் மாத்திரைப் போத்தல்களில் எவனோ சயனைட் கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜோன்சன் அண்ட் ஜோன்சன் மறைக்காமல் பேசியது, சுமார் 31 மில்லியன் போத்தல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது, நம்பிக்கையை மீட்டது. முந்திக்கொண்டு பேசு, ஆதாரத்தோடு பேசு. இதுவும் பாடம்தான். எந்தப் பாடத்தை எந்த நாளில் எடுப்பது என்று தெரிந்தவனுக்குத்தான் ஆலோசகர் என்று பெயர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரைப் போத்தலுக்கு முகம் கிடையாது. எங்கள் வீடியோவில் கடையின் பெயர்ப்பலகை ஒரு கணம்கூடத் தெரியவில்லை. பையனின் முகம் முழுதாகத் தெரிந்தது.

ஹாஜியார் பேசாமலிருக்கச் சம்மதித்ததற்குக் காரணம் என்னுடைய ஸ்ட்ரைசாண்ட் கதை அல்ல. அவர் சொன்னது வேறு. “தம்பி, அம்பாறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமலா. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. கறிக்குள் கிடந்ததை, பிள்ளை பிறக்காமல் செய்கிற மலட்டு மாத்திரை என்றார்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்று மிரட்டிக் கேட்டபோது அவர் தலையாட்டினார், ஆம் என்கிற மாதிரி. அதை வீடியோ எடுத்தார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. சில நாளில் கண்டிக்குப் பக்கத்தில் திகன எரிந்தது. மார்ச் 7ஆம் திகதி முதல் ஒரு வாரம் அளவுக்கு நாடு முழுவதும் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் கண்டது மாவுக்கட்டி. முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

ஹாஜியார் அந்தச் செய்தியைத் தன் கடையில் உட்கார்ந்துகொண்டு கேட்ட மனிதர். எங்கள் வீடியோவின் கீழேயும் முதல் நாள் மாலைக்குள் கமெண்டுகள் சாப்பாட்டை விட்டு ஆட்களுக்குத் திரும்பியிருந்தன. ‘அவர்களுடைய கடைகளில் இப்படித்தான்’ என்று ஒன்று. ‘நம்முடைய பையனை வைத்துச் செய்விக்கிறார்கள்’ என்று அதற்குக் கீழே ஒன்று. முதலாளி முஸ்லிம், பையன் படுவான்கரைத் தமிழ்ப் பையன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை. கடையின் பேஜில் ‘அந்தப் பையன்’ என்று ஒரு சொல் வந்திருந்தால், குற்றத்தைத் தமிழ்ப் பையன் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரு கூட்டம் வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கூட்டம் வந்திருக்கும். கிழக்கு மாகாணத்தில் கடை விளம்பரம் செய்கிறவன் இந்தக் கணக்கையும் போட்டுத்தான் ஆகவேண்டும். கொழும்பு ஏஜென்சிக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம்.

இவ்வளவும் சரி. இவ்வளவும் சரியாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனென்றால் சிசிடிவிப் பதிவில் இன்னொன்றும் இருந்தது. தட்டு விழுவதும் வாளி போவதும் தெரிகிற அதே கோணத்தில், குசினியின் வடிகானும் கரி படிந்த சுவரும் தெரிந்தன. பெரிய அசிங்கம் ஒன்றுமில்லை. எந்தக் கடைக் குசினியிலும் இருப்பதுதான். பிறகு வந்து பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் திருத்தச் சொல்லித்தான் போனார், வழக்குப் போடவில்லை. ஆனால் அதை ஊருக்குக் காட்ட ஹாஜியார் விரும்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திரையில் பார்த்தோம், நிறுத்தினோம், ‘பேசாமல் இருப்பதே நல்லது’ என்று அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

வடிகானை வெட்டிவிட்டுப் பையனை மட்டும் காட்டியிருக்கலாமே என்று என்னுடன் வேலை செய்கிற தங்கச்சி கேட்டாள். பத்து நிமிட வேலை. நான் சொன்னேன்: நமக்குப் பிடிக்காத பகுதியை வெட்டிவிட்டுப் போட்டால், அந்த வீடியோ எடுத்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நல்ல பதில். சொன்ன உடனேயே எனக்கு மிகவும் பிடித்துப்போன பதில். அதனால்தான் அதை நம்ப யோசிக்கிறேன். மாதாமாதம் கொத்து ரொட்டி வீடியோவில் ஆயிரம் இடத்தில் வெட்டி ஒட்டுகிற கைக்கு அன்று மட்டும் எங்கிருந்து ஒழுக்கம் வந்தது?

அடங்கிவிடும் என்றேன், அடங்கியது. அதற்கு எண்கள் சாட்சி. சில நாளில் கமெண்டுகள் வற்றின. நோன்பு தொடங்கியது, கடை வாசலில் கஞ்சி கொடுக்கும் படங்களைப் போட்டோம், சாப்பாட்டு வீடியோ போடுகிற டிக்டொக் பையன் ஒருவனை அழைத்துக் கொத்து சாப்பிடவைத்தோம். பேஜின் ரீச் பழைய இடத்துக்கு வந்து அதையும் தாண்டியது. ஹாஜியாருக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த வளைகோட்டைப் பச்சை நிறத்தில் போட்டேன்.

ஆனால் அந்த அறிக்கை முகநூலுக்கு. வட்ஸ்அப்பில் எங்களுக்குக் கண் இல்லை. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2019இல் கட்டுப்படுத்தினார்கள், அதிகம் சுற்றிய செய்தியை ஒரு இடத்துக்கு மட்டும் என்று 2020இல் இறுக்கினார்கள். படுவான்கரையில் ஒரு கிராமத்துக்கு ஒரு இடம் போதாதா? ஊர்க் குழு ஒன்று, கோயில் குழு ஒன்று, பழைய மாணவர் குழு ஒன்று, முடிந்தது. யார் பார்த்தார்கள், எப்போது நின்றது, நின்றதா என்று எந்தத் திரையிலும் எனக்குத் தெரியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊருக்குப் போன பையனை ‘வாளி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சிறுவர்கள்கூட. கடையில் இருந்த இன்னொரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேஜ் பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது.

பரவவேண்டிய இடத்துக்கெல்லாம் பரவிவிட்டது என்று அவன் சொன்னபோது அந்த இடத்தைத்தான் சொன்னான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்குப் பரவுதல் என்றால் எண்ணிக்கை. அவனுக்கு அது கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமம், அதில் பெயர் தெரிந்த சில நூறு பேர். அந்தச் சில நூறு பேருக்கு முகநூல் பேஜில் ஒரு வரி போட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நானே பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த வரி அவனுக்கு உதவியிருக்காது என்பது என் தொழில்முறைக் கருத்து. இன்றும் அதுதான்.

பேஜை விட்டுவிடுவோம். ஹாஜியாரும் நானும் ஒரு மாலையில் மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போய், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் கைபேசியில் அந்த சிசிடிவிப் பதிவைக் காட்டியிருந்தால்? கமெண்ட் கிடையாது, பகிர்வு கிடையாது, எந்தக் கணிப்பொறியும் அதைத் தூக்கிவிடாது. வடிகானைப் பார்த்து வண்ணக்கர் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். இந்த யோசனை அப்போது எங்கள் யாருக்குமே வரவில்லை. வந்திருந்தாலும், தமிழ்க் கிராமத்துக்குள் முஸ்லிம் முதலாளி கார் போட்டுக்கொண்டு வந்து வீடியோ காட்டுவதை ஊர் எப்படி எடுத்திருக்கும்? பையனுக்குப் பரிந்து வந்தார் என்றா, பையன் வீட்டின் வாயை அடைக்க வந்தார் என்றா? அடுத்த வீடியோ அங்கேயே எடுக்கப்பட்டிருக்கலாம். இப்படி ஒவ்வொரு வழியையும் அடைத்துக்கொண்டே வருகிறேன். அடைப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

பையன் வேலையை விட்டுவிட்டான். கட்டாருக்குப் போனதாகச் சொன்னார்கள். அதற்கு வீடியோதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துப் பையன்கள் கட்டாருக்குப் போக வீடியோ தேவையில்லை, விலைவாசியே போதும். ஹாஜியார் கடைசிச் சம்பளத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அண்மையில் ஹாஜியார் என்னைக் கல்முனையில் ஒரு துணிக்கடைக்காரருக்குச் சிபாரிசு செய்தார். “தம்பி வாயைத் திறக்காமலே என் கடையைக் காப்பாற்றித் தந்தவர்” என்று அறிமுகம். நல்ல கட்டணம். ஒப்பந்தத்தில் நானாக ஒரு வரி சேர்த்துக் கொண்டுபோனேன்: கடை ஊழியர் யாராவது இப்படி ஒரு வீடியோவில் மாட்டினால், அவர் தரப்பை அவர் சொல்லும் இடத்தில் சொல்வதற்கான செலவும் கடையைச் சேர்ந்தது. துணிக்கடைக்காரர் அந்த இடத்தில் நின்று வாசித்தார். “இது என்ன தம்பி, இன்சூரன்ஸா?” என்று சிரித்தார். அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் போட்டேன்.