ஓவென்று கிடக்கும் விடுதி

வருடக் கடைசி லீவு. நேற்றிரவு கடைசிப் பெடியனையும் கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிற மாணவர் விடுதி ஓவென்று கிடக்கிறது.

சாதாரண தரப் பரீட்சையில் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) இரண்டு பேருக்கு 9 பாடத்திலும் ஏ. பெனர் அடித்து வாசலில் கட்டியாச்சு, அது போதும். எனக்குப் பிடித்தது வேறு. வவுனியாவில் இருந்து வந்த ஒருவன் முதலாம் தவணை முழுக்க வாயே திறக்கவில்லை. தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு யாரோ பகிடிக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அவன் விடவில்லை. இரவுப் படிப்பு முடிந்ததும் உடுப்புத் தோய்க்கிற கல்லடியில் நின்று, குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பழகினானாம். மற்றவர்களுக்குச் சத்தம் கேட்கக் கூடாதே! தண்ணீர் பில் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். மாகாண மட்டத்தில் இரண்டாமிடம்.

இன்னொருவன் சுகததாச விளையாட்டரங்கில் 800 மீற்றர் ஓடப் போய், சப்பாத்தை விடுதியிலேயே மறந்துவிட்டான். வெறுங்காலோடு ஓடி நான்காமிடம், உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். அதையும் சாதனைப் பலகையில் எழுதச் சொல்லி ஒரே சண்டை. சரி, எழுதியாச்சு.

இன்று காலை சமையல் அக்கா பழக்கதோஷத்தில் 40 பேருக்கு மா குழைத்துவிட்டார். நான் ஒருத்தன் எத்தனை இடியப்பம் தின்பது?