சித்தப்பாவுக்கு ஒதுக்கிய ஐந்து டெசிபெல்

நேற்று ராத்திரி அத்தையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா உறைந்துபோனார். ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, வாய் ‘ஆ’வென்று. மறுமுனையில் அத்தை, “இந்த முகமே நல்லாத்தான் இருக்கு, அப்படியே விடுங்க” என்றுவிட்டார். சித்தப்பாவுக்கு ரோஷம். லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு கூடத்துக்குப் போய், ரவுட்டர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்க்கும் அதே பார்வை.

மேஜையில் இரண்டு கோடாக இருந்த சிக்னல் ஒன்றாயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி இரண்டு. “நேர்ல போய் நின்னாத்தான்டா புத்தி வருது அதுக்கு!” இதைச் சிகிச்சை என்று அவர் நம்பி மூன்று வருஷமாகிறது.

நோயே அவர்தான் என்பதை யார் சொல்வது? ரவுட்டர் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். கோடுகளை விட்டுவிட்டு, சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் கணக்கில் பார்த்தால், அவர் உட்கார்ந்திருக்கும்போது மேஜையில் −68, ரவுட்டரை மறைத்து நிற்கும்போது −74. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. இதில் ஓர் எண் இறங்குவது ஒரு டெசிபெல் குறைவது. 3 டெசிபெல் குறைந்தால் சிக்னல் பாதி, 6 குறைந்தால் கால்வாசி. வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓட −67 வாக்கில் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதாவது அத்தையோடு பேசுவதே விளிம்பில் நின்றுதான், சித்தப்பா எழுந்தால் போச்சு. கோடுகளை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்று பொதுவிதி கிடையாது, போன் செய்கிறவர் இஷ்டம். ஒரே இடத்தில் சித்தி போனில் நாலு, சித்தப்பா போனில் இரண்டு. அதற்காக சித்தி ஜெயித்த மாதிரி சிரிப்பதும் நியாயமில்லை.

சித்தப்பாவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ரவுட்டர் வைத்திருக்கும் இடம் அப்படி. “பார்க்க நல்லாவா இருக்கு?” என்று சித்தி அதை டிவிக்குப் பின்னால் தள்ளி, பூவேலை செய்த துணியால் மூடியிருந்தார். துணியை அலை மதிக்கவே மதிக்காது. உள்ளே சூடு தங்கி ரவுட்டர் திணறுவதுதான் அதில் கெடுதல். நிஜமான சுவர் டிவியின் உலோகத் தகடு. அடுத்தது இரும்பு பீரோ, அதன் கண்ணாடி (பின்பூச்சு உலோகம்தானே). அதற்கும் அப்பால் மீன் தொட்டி, சித்தப்பாவைவிடத் தண்ணீர் அதிகமுள்ள ஒரே ஜீவன். ஆன்டெனா மூன்றையும் மேஜையைப் பார்த்துத் துப்பாக்கி மாதிரி நீட்டிவைத்தது யாரோ தெரியவில்லை. குச்சி ஆன்டெனாவின் வீச்சு, சைக்கிள் டியூப் நடுவே குச்சி செருகியதுபோல் சுற்றிவரப் பரவும். முனை நீளும் திசையில்தான் மிகக் குறைவு. குறிபார்த்து வைத்தால் குறி தப்பும்.

எதையுமே அசைக்காதபோதும் எண் ஏறி இறங்கும். நேராக வரும் அலையும் பீரோவில் மோதி வரும் அலையும் ஒரு புள்ளியில் கைகோக்கும், பக்கத்துப் புள்ளியில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். லேப்டாப்பை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினாலே கதை மாறும். யாராவது கதவைத் திறந்தாலும் மாறும். ‘இங்கதானே நேத்து நல்லா எடுத்துச்சு’ என்ற புலம்பலுக்கு விடை இதுதான்.

மைக்ரோவேவ் தனி ரகம். அது ஓடுவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்; கதவிடுக்கில் துளி கசிந்தாலே பக்கத்து வைஃபைக்கு அது கல்யாண வீட்டு ஸ்பீக்கர். ஆனால் கோடு குறையாது, கவனியுங்கள். சிக்னல் அப்படியே இருக்கும், இரைச்சல் ஏறிவிடும், பேச்சு வெட்டி வெட்டி வரும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த வகையானால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 10 மில்லிசெகண்ட் கத்தல், 10 மில்லிசெகண்ட் மௌனம். அந்த மௌனத்தில்தான் அத்தை பேசவேண்டும். அத்தைக்கு அது போதாது.

வைஃபை அலைவரிசையைக் கூறுபோட்ட பாதைகள்தான் சேனல். அந்த விவகாரத்தில் குட்டையைக் குழப்பியது வீட்டுப் பையன்களில் பெரியவன். ஒன்றன்மேல் ஒன்று மோதாத 1, 6, 11 மூன்றிலும் அக்கம்பக்கத்தார் இருக்க, “மூணாம் சேனல் காலியா இருக்கு” என்று அங்கே போட்டான். காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும், முறைவைத்துப் பேசிக்கொள்வார்கள். மூணாம் சேனலில் உட்கார்ந்தால் 1 மேலும் மோதும், 6 மேலும் மோதும். இருவருக்கும் இவன் வெறும் இரைச்சல். போதாததற்கு சேனலின் அகலத்தையும் 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியிருந்தான். 2.4இல் 20தான் மரியாதை. ரவுட்டர் முதுகில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் இவனே. அந்த கேபிளின் இரைச்சல் இதே அலைவரிசையில் விழும் என்று இன்டெல் 2012லேயே எழுதிவைத்துவிட்டது.

அணைத்துப் போட்டால் சரியாவதும் மாயமில்லை. சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால், எழுந்ததும் அப்போதைக்குக் கூட்டம் குறைந்ததாக ஒன்றைப் பிடிக்கும். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில், ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களில் ஒன்றைப் பிடித்தால், ரேடார் இருக்கிறதா என்று முதலில் ஒரு நிமிஷமாவது காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் சித்தப்பா மறுபடி அணைத்துவிடுவார். அப்புறம் மறுபடி ஒரு நிமிஷம்.

இன்று காலை அவர் நடைக்குப் போன நேரத்தில் வேலை முடிந்தது. பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிங், முதலில் வீட்டு ரவுட்டரின் முகவரியான 192.168.1.1க்கு, பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு. வீட்டு ரவுட்டருக்கே பதில் தாமதமானதால் வெளி லைன் நிரபராதி. ரவுட்டர் நடைவழி மர அலமாரியின் உச்சிக்கு ஏறியது. இரண்டு ஆன்டெனா நேர் நிமிர்ந்து, ஒன்று படுக்கையாக. சேனல் 11, அகலம் 20, ஹார்ட் டிஸ்க் தனியே. துணி சித்தியிடம் திரும்பிப் போயிற்று, கொஞ்சம் முறைப்போடு. மேஜையில் இப்போது −55.

சாயங்காலம் அத்தை கூப்பிட்டார். பத்து நிமிஷம் ஒரு தடங்கலும் இல்லை. சித்தப்பா முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். பதினோராவது நிமிஷம், “எதுக்கும் ஒரு தடவ பார்த்துட்டு வந்துடறேன்” என்று எழுந்து போய் அலமாரியை அண்ணாந்து பார்த்து நின்றார், இடுப்பில் கைவைத்து. −60.

அத்தை பேசிக்கொண்டேதான் இருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தவரிடம், “இப்போ நல்லா எடுக்குது சித்தப்பா” என்றான் பெரியவன்.