தட்சிணேஸ்வரத்தில் ராணி ராஸ்மணி

கொல்கத்தா போகும் நம்மூர்க்காரர்கள் பலரும் தட்சிணேஸ்வரத்துக்குப் போவது ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையைப் பார்க்கத்தான். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் மனசில் தங்கியவர் அங்குள்ள காளி கோயிலைக் கட்டிய ராணி ராஸ்மணி.

இப்போது மெட்ரோவே அங்கே போகிறது. செம்பருத்தி மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். வெள்ளித் தாமரையில் சிவன் படுத்திருக்க, அவர் மார்பின் மேல் பவதாரிணி என்ற காளி. தள்ளுமுள்ளில் ஒரு நொடிதான் கிடைத்தது. போதும்.

ராணி என்றதும் அரச குலம் என்று நினைக்கவேண்டாம். 1793-ல் ஹாலிசஹர் அருகே கைவர்த்தர் என்ற, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கொல்கத்தா ஜான்பஜாரின் ஜமீன்தார் ராஜசந்திர தாஸுக்கு வாழ்க்கைப்பட்டு, 1836-ல் அவர் காலமானபின் ஜமீனைத் தானே நிர்வகித்தார். படித்துறைகள் கட்டினார், பூரி யாத்திரைக்குச் சாலை போட்டார். கங்கையில் மீன் பிடிக்கக் கிழக்கிந்தியக் கும்பினி வரி போட்டதும் ரூ.10,000 கொடுத்து ஆற்றின் ஒரு பகுதியையே குத்தகைக்கு எடுத்து, குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிவிட்டார். கப்பல்கள் நின்றன. கேட்டால், கப்பல் போனால் மீன் கலைந்துவிடும், என் குத்தகைக்கு நஷ்டம் என்றார்! வரி ரத்தானது.

அப்படிப்பட்டவரையும் சாதி விடவில்லை. 1847-ல் காசிக்குப் புறப்படும் நேரத்தில் அம்பிகை கனவில் வந்து, கங்கைக் கரையிலேயே கோயில் கட்டச் சொன்னதாக வரலாறு. ஒன்பது லட்சம் ரூபாய் செலவில் கோயில் எழுந்தது. ஆனால் அவர் கட்டிய கோயிலில் அம்மனுக்கு அன்னம் நிவேதிக்கக்கூடாது என்றார்கள் பண்டிதர்கள். கோயிலை ஒரு பிராமணருக்குத் தானம் செய்துவிட்டால் தோஷமில்லை என்று ராம்குமார் சட்டோபாத்தியாயர் என்ற பண்டிதர் வழி சொன்னார். ராணியும் தன் குரு பெயருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பிடி சோறு படைக்க, கோயிலையே கைமாற்ற வேண்டியிருந்தது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

1855 மே 31-ல் பிரதிஷ்டை. அர்ச்சகராக வந்தவர் அதே ராம்குமார்தான். அவருடைய தம்பி கதாதரர்தான் பின்னாளில் ராமகிருஷ்ணர். ஒருநாள் அவர் பாடும்போது ராணியின் நினைப்பு ஏதோ வழக்கில் இருந்ததாம். ராமகிருஷ்ணர் ராணியைப் பளாரென்று அடித்துவிட்டார். பதறிய பணியாளர்களை அடக்கியவர் ராணியேதான்.

கோயில் செலவுக்காக தினாஜ்பூரில் நிலம் வாங்கியிருந்தார். அதற்கான சாசனத்தில் 1861 பிப்ரவரி 18-ல் கையெழுத்திட்டு, மறுநாள் காலமானார். வளாகத்தில் அவருக்கும் சின்னதாக ஒரு சன்னதி உண்டு. பேலூர் மடத்துக்குப் படகு பிடிக்கும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.