எண்பது பக்கக் கொப்பியில் 27 பெயர்

முதல் கதை அச்சில் வர முன்னமே புனைபெயர் தேடுகிற வருத்தம் யாழ்ப்பாணத்தில் பழைய வருத்தம். போன கிழமை அது கொக்குவிலில் ஒரு தம்பியைப் பிடித்தது. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு மாஸ்டர் வீட்டு விறாந்தையில் வந்து குந்தினார். மாஸ்டர் பகலில் பள்ளிக்கூடத்திலும் இரவில் பத்திரிகையில் பிழை திருத்துகிற புரூவ் மேசையிலும் ஆயுளைக் கழித்தவர். தம்பியின் கையில் எண்பது பக்கக் கொப்பி. நடுத்தாளில் 27 பெயர், நம்பர் போட்டு.

"ஏன் தம்பி, அப்பா அம்மா வைச்ச பேருக்கு என்ன குறை?"

"அந்தப் பேரிலை எங்கடை ஒழுங்கையிலேயே நாலு பேர் மாஸ்டர்."

நியாயமான முறைப்பாடுதான். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று முன்னால் நிற்கும், அவ்வளவே. சிவஞானசுந்தரம் என்ற ஒரே பெயரோடு ஈழத்து எழுத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். 1915 இல் பிறந்தவர் இலங்கையர்கோன் ஆனார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் படிப்பித்த பேராசிரியர் நந்தி ஆனார். 'சிரித்திரன்' சஞ்சிகை நடத்திய கேலிச்சித்திரக்காரர் சுந்தர் ஆனார். மூவரும் பிறந்த பெயரிலேயே எழுதியிருந்தால், சிறுகதைக்கு வந்த பாராட்டுக் கடிதம் கேலிச்சித்திரக்காரர் வீட்டுப் படலையில் கிடந்திருக்கும்.

மாஸ்டர் சிவப்புப் பேனையைத் திறந்தார். முதல் எட்டும் கோன், வேந்தன், பித்தன், தாசன் வகை. ஒரே கோட்டில் எட்டும் போயின. "உருத்திரமூர்த்தி மஹாகவி எண்டு பேர் வைச்சார். வைச்சிட்டு அந்தப் பேருக்குத் தக்கனயா எழுதியும் காட்டினார். நீர் இன்னும் ஒரு கதைதானே எழுதியிருக்கிறீர்? அதுவும் முடிவு சரியில்லை." தம்பி கொப்பியைப் பார்த்தபடி இருந்தார்.

அடுத்த நாலும் ஊர்ப்பெயர். ஊரைப் பெயரில் கட்டுவது எங்களிடம் நன்றாக ஓடுகிற வழி. பெரிய நீலாவணையிலிருந்து நீலாவணன் வந்தார். மலையகத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சுமந்தவர் தெளிவத்தை ஜோசப். குப்பிழான் ஐ. சண்முகனுக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் ஊர் பொதுச்சொத்து. புலோலியூர் க. சதாசிவமும் இருந்தார், புலோலியூர் ஆ. இரத்தினவேலோனும் இருக்கிறார். ஆகவே ஊரை முன்னுக்கு வைத்தாலும் பின்னால் ஆளின் பெயர் நிற்கத்தான் வேண்டும். அதுக்குப் பிறகு ஓசை. கரவெட்டி கரவையாகும், வல்வெட்டித்துறை வல்வையாகும், இணுவில் இணுவையாகும். தம்பி அதே கணக்கில் 'கொக்குவை' என்று எழுதியிருந்தார்.

"கொக்கு வை எண்டால், எங்கை வைக்கிறது?" என்று உள்ளேயிருந்து மாஸ்டரின் மனுசி கேட்டா. நாலும் போச்சு.

பிறகுதான் உண்மையான சோதனை. 'நிழலாளன்' என்ற பெயரில் தம்பிக்கு நல்ல ஆசை. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து மூன்று பேருக்கு அடித்தார். ஒரு அச்சகத்தில் தட்டெழுதுகிற பிள்ளைக்கு, மருமகனுக்கு, மச்சாளுக்கு. பெயரை ஒருதரம் மட்டும் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டக் கூடாது. அவர்கள் அதை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அச்சகத்திலிருந்து வந்தது 'நிளலாளன்'. மருமகன் அனுப்பியது 'நிழலாழன்'. மச்சாள் மட்டும் பிழையில்லாமல் எழுதி, கீழே கேட்டிருந்தா: "ஆர் செத்தது?"

காரணம் விளங்காத ஒன்றல்ல. எங்கள் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் வாயால் வரும். கேட்கிறவர் ஒன்றில் கேட்டபடி எழுதுவார், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வாங்கின அடி ஞாபகம் வந்து எல்லா இடத்திலும் ழ போடுவார். ழவும் ளவும் ஒரே பெயரில் குடியிருந்தால் அழைப்பிதழில் ஒருவிதம், பத்திரிகையில் ஒருவிதம், அட்டையில் இன்னொரு விதம். ர, ற சோடியும் ன, ண சோடியும் இதே சேட்டைதான் விடும். மூன்று பேரில் இரண்டு பேர் பிழையாக எழுதினால் பெயரை வெட்டு என்பது மாஸ்டரின் சட்டம். இதில் ஆறு பெயர் விழுந்தது.

காது தப்பவிட்டதைக் கணினி பிடிக்கும். 'மௌனவேல்' என்று ஒன்று இருந்தது. ஔகாரக் குறி தனி எழுத்து. ஆனால் கனபேர் மெ அடித்து பக்கத்தில் ள போட்டு 'மெளன' என்று எழுதிவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு ஆள். ஸ்ரீ இன்னும் மோசம். அதை ஸகரத்தை வைத்தும் ஶகரத்தை வைத்தும் தட்டலாம், திரையில் ஒரே வடிவம்தான் தெரியும். பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிறபோது கிரந்த எழுத்துகள் சறுக்குவது தனிக்கதை. அந்த வகையில் மூன்று போயின.

பத்தொன்பதாம் நம்பரை தம்பி கையால் மறைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையின் பெயர். "சுஜாதாவும் அப்பிடித்தானே மாஸ்டர்?"

"ரங்கராஜன் வைச்சது மனுசியின்ரை பேர். உமக்கு முதல்லை கலியாணம் முடியட்டும்." வெட்டு.

மிஞ்சியதில் மூன்று பெயர் இணையத்தில் நூலகம் தளத்தைத் திறந்ததும் செத்தன. 2005 இல் தொடங்கின அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் குவிந்து கிடக்கின்றன, ஆளுமைகளுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. பெயரைச் சேர்த்து ஒருக்கால், பிரித்து ஒருக்கால், தலைப்பெழுத்தோடு ஒருக்கால் தேட வேண்டும். உள்ளடக்கப் பட்டியலில் அதே பெயரோடு ஒரே ஒரு கவிதை எழுதிவிட்டு மறைந்த ஆள் அகப்பட்டாலும் அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு வருகிற ஆய்வு மாணவர் அவரின் கவிதையை உங்கள் கணக்கிலும், உங்கள் கதையை அவர் கணக்கிலும் எழுதி வைப்பார்.

இந்த இடத்தில் மாஸ்டரின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்தா. மாஸ்டர் காசுக் கதைக்குப் போனார். சஞ்சிகைகள் கதைக்குக் காசு தருவது பெரும்பாலும் கனவில்தான், ஆனால் போட்டியில் பரிசு கிடைத்தால் காசோலை வரலாம். அது புனைபெயருக்கு எழுதப்பட்டால் வங்கி திருப்பிவிடும். கணக்கு அடையாள அட்டைப் பெயரில் அல்லவா? ஆகவே கதை அனுப்புகிறபோது தலைப்புக்குக் கீழே புனைபெயர், அடியில் சொந்தப் பெயர், முகவரி, "கொடுப்பனவு சொந்தப் பெயருக்கு" என்று ஒரு வரி. புத்தகம் போட்டால் உள்பக்கத்தில் பதிப்புரிமை வரியில் சொந்தப் பெயரைப் போட வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும் உரிமை நிற்கும். ஆள் யாரென்றே தெரியாத புனைபெயர் என்றால் 70 ஆண்டு முதற்பதிப்பிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

"எழுபது வருசத்துக்குப் பிறகு ஆர் மாஸ்டர் வாசிக்கப்போகினம்?"

"உம்மடை கதையை இப்பவே ஆரும் வாசிக்கேல்லை. சட்டம் சட்டம்தான்."

மிச்சம் இரண்டு. 'சுருட்டன்', 'கோடா'. இரண்டும் மனதிலிருந்து வந்தவை. தம்பியின் அப்பப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். கொட்டிலில் ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிப்பார், தொடர்கதையும் வாசிப்பார். மற்றவர்களின் கை சுருட்டும், காது கதை கேட்கும். வாசித்தவர் அப்பப்பாதான். புகையிலைக்குப் போடுகிற கோடாவின் மணம் அவர் சேட்டில் எப்போதும் இருக்கும்.

மாஸ்டர் பேனையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு திறந்தார். "சுருட்டன் எண்டு வைச்சால் விமர்சனம் எழுதுறவனுக்குத் தலைப்புத் தேடுற வேலை மிச்சம். 'எங்கை சுருட்டினது?' எண்டு போடுவான். கோடா? கசிப்புச் சாராயம் காய்ச்சுற ஊறலுக்கும் அதுதான் பேர். பேப்பரை விரிச்சுப் பாரும். கோடாவோடை ஒருவர் கைது எண்டு கசிப்புக்காரரைப் பற்றித்தானே வருது. உம்மடை கதைக்குப் பக்கத்திலை அந்தச் செய்தி வந்தால்?"

27 உம் முடிந்தது. தம்பி எழும்பிச் சைக்கிளை எடுத்தார். ஒழுங்கையால் போன கிழவர் ஒருவர் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரது? பேப்பரின்ரை பேரனே?"

தம்பியின் முகம் கறுத்தது. கொட்டிலில் வாசித்த மனிசனுக்கு ஊர் வைத்த பட்டம் பேப்பர். அந்த வீடு பேப்பர் வீடு. தகப்பனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். கொப்பியில் எழுதாத ஒரே பெயர் அதுதான்.

"சைக்கிளை விடும்," என்றார் மாஸ்டர். "பேப்பர்ப் பேரன். சொல்லிப் பாரும்."

போன் மூன்று பேருக்கும் திரும்பப் போனது. ழ இல்லை, ள இல்லை, ஔ இல்லை, கிரந்தம் இல்லை. மூன்று பேரும் பெயரைச் சரியாக எழுதினார்கள். ஒரே வித்தியாசம், இருவர் நடுவில் ப் போடவில்லை, மச்சாள் போட்டிருந்தா. இந்த முறை ஆரும் செத்ததாக அவ கேட்கவில்லை. நூலகத்தில் தேடுவது தம்பியின் இரவு வேலையாக விடப்பட்டது.

"ப் வேணுமோ மாஸ்டர்?"

புரூவ் மேசை திரும்ப உயிர்த்தது. மாஸ்டர் நிமிர்ந்து இருந்தார். "உயர்திணைப் பெயருக்குப் பின்னாலை வல்லினம் வந்தால் இயல்பு எண்டுறது நன்னூல். பேப்பர் கடதாசி எண்டால் அஃறிணை, ப் வரும். பேப்பர் உம்மடை அப்பப்பா எண்டால் வராது. ஆரெண்டு நீர்தான் சொல்ல வேணும்."

தம்பி சிவப்புப் பேனையை வாங்கி ப்-ஐ வெட்டினார்.