மாடிப்படியில் புல்லாங்குழல் – மூன்றாவது வாரம்

கரண்ட் போன ஒரு சாயங்காலம் புழுக்கம் தாங்காமல் குழலோடு எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் போய் உட்கார்ந்ததில் தொடங்கியது இது. அறைக்குள் வெறும் காற்றும் பிசிறுமாக இருந்த என் மோகன ராகம் அங்கே நீண்டு, வழிந்து, நான்தான் வாசிக்கிறேனா என்று இருந்தது. மேல் வீட்டு அக்கா இறங்கி வந்து "நல்லா இருக்கு தம்பி" என்றார்.

மறுநாள் அதே படியில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஆரம்பப் பாட ஸ்வரப் பயிற்சி. மெதுவான முதல் காலம் பரவாயில்லை, அதைப்போல நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலம் ஒரே கொழகொழ. ஸ அடங்குவதற்குள் ரி வந்துவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே அரை ஸ்வரம்தான் இடைவெளி, ஆகவே ஒன்றோடொன்று உரசி 'வ்வ்வ்' என்று அதிர்கிறது. மோகனத்தில் ஐந்தே ஸ்வரம், அதுவும் தள்ளித் தள்ளி. முந்தைய ஸ்வரத்தின் மிச்சம் சுருதி மாதிரி கூடவே நின்றிருக்கிறது. அக்காவின் பாராட்டில் பாதி சுவருக்குச் சேர வேண்டியது.

சரி, இங்கே ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துவிடலாம் எனப் பலூன் உடைத்துப் போனில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பார்த்தேன். ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். தெருச் சத்தத்தில் அவ்வளவு தூரம் பார்க்க முடியாது, அதனால் 30 இறங்கும் நேரத்தை எடுத்து இரட்டித்துக்கொண்டேன். படிக்கட்டு 2.6 நொடி, என் அறை 0.4 நொடி. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, இது சுமார் 1.9 நொடி. அதற்கு ஒலிக்கணக்கு போட்ட இயற்பியலாளர் வாலஸ் சபைன், அதற்கு முன் ஹார்வர்டில் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பிடித்தவர்.

நானும் ஒரு பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, கைப்பிடியில் இரண்டு போர்வையைப் போட்டேன். 1.8 வந்தது! மேல் ஸ்தாயி நன்றாகத் தெளிந்தது, கீழ் ஸ்வரங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கின்றன. பஞ்சும் துணியும் கீச்சொலியைக் குடிக்கிற அளவுக்கு அடியொலியைக் குடிப்பதில்லை.

இந்த வாரம் மெத்தை இல்லாமல், ஸ்வரத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டுச் சுவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து வாசிக்கிறேன். மூன்றாம் காலம் கைவிட்டாச்சு, இரண்டாம் காலம் தேறுகிறது. கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை, நம்பியே நிற்கிற தோடி ராகத்தை இங்கே தொடும் தைரியம் வரவில்லை. மெத்தை ஏன் படிக்கட்டில் கிடந்தது என்று குடியிருப்போர் குழுவில் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் போடவில்லை.