ஐம்பதுக்கு இருபத்தைந்து

மார்ச் 8, சனி

பெங்களூரு, இந்திராநகர். 2010-ல் டாய்ட் என்ற பீர்க்கடை இங்கே திறந்தபோது, கிராஃப்ட் பீர் என்றால் சின்ன அளவில் காய்ச்சும் பீர் என்று ஆபீஸில் விளக்க வேண்டியிருந்தது. இப்போது திரும்பின பக்கமெல்லாம் தாமிர நிறத் தொட்டி. இன்று போனது வேறு இடம், பெயர் வேண்டாம்.

ஹெஃபவைசன், அதாவது ஜெர்மன் பாணிக் கோதுமை பீர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வாழைப்பழம் வந்தது. கிராம்பு வரவில்லை. பழமோ மசாலாவோ உள்ளே போடுவதில்லை, இரண்டும் ஈஸ்ட் தரும் வாசனை. ஒன்று மட்டும் வந்தால் பாதிக் கல்யாணம்தான். நுரையும் சீக்கிரம் அடங்கிப்போனது. குடிக்கலாம். 25.

மார்ச் 16, ஞாயிறு

மதிப்பெண் எப்படிப் போடுகிறேன் என்று மாப்ள கேட்டான். போட்டிகளில் நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) தாள்தான்: வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் நிற்கும் கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. ஆகமொத்தம் 50. இதில் 21 முதல் 29 வரை 'நல்லது' என்று போட்டிருக்கிறார்கள். தாராள மனசு. என் நோட்டில் முக்கால்வாசி பீர் அந்தக் கட்டத்தில்தான் குந்தியிருக்கிறது.

கெட்டுப்போன பீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். சுமாரான பீருக்கு ஒரு வரி வர மாட்டேன் என்கிறது.

மார்ச் 22, சனி

கோரமங்களா. லாகர், குளிரில் மெதுவாகப் பக்குவப்படும் பீர். முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே கிளாஸை வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றினேன், சினிமா தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் மெல்ல எழுந்து வந்தது. டையசெட்டில் என்ற பொருளின் வேலை. நொதிக்கும்போது உருவாகும், பொறுத்திருந்தால் ஈஸ்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தான் கடைசியில் இரண்டு மூன்று நாள் தொட்டியின் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் வெண்ணெய் தங்கிவிடும். குழாயைச் சரியாகக் கழுவாவிட்டாலும் இதே வாசனை வரும், எது என்று மேசையிலிருந்து சொல்ல முடியாது.

பரிமாறிய ஒசூர்ப் பையனிடம் சொன்னேன்.

"அது மால்ட் வாசனைண்ணா. எல்லாரும் நல்லாருக்குன்றாங்க."

"ஜில்லுனு குடிச்சா நல்லாத்தான் தம்பி இருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனைச் சொல்லி என்ன? லாகர் பக்குவப்பட வாரக்கணக்கில் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும், கோதுமை பீர் அதற்குள் இரண்டாவது ஈடே இறங்கிவிடும். சனிக்கிழமைக் கூட்டம் காத்திருக்காது. இந்த ஊரில் எங்கே போனாலும் கோதுமை பீர் தலையை நீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 22.

மார்ச் 23, ஞாயிறு

ஐபிஏ, ஹாப்ஸ் தூக்கலான பீர். கசப்பு மட்டும் இருக்கிறது, வாசனை இல்லை. இரண்டையும் தரும் பூவான ஹாப்ஸ் பழசானால் முதலில் ஓடிப்போவது வாசனைதான். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு, எங்கே எத்தனை நாள் சூட்டில் கிடந்ததோ. 23. வறுத்த நிலக்கடலை பிரமாதம்.

ஏப்ரல் 5, சனி

மாம்பழ பீர் வந்துவிட்டது. கூழ் சேர்த்திருக்கிறார்கள். அதன் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டதால் மிஞ்சியது தோல் பக்கத்துத் துவர்ப்பு. 24, அதுவும் நிறத்துக்காக.

காபி சேர்த்த ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு நான் 28 போட்டேன். கருகல் வாசனை அளவாக இருந்தது, ஆனால் வாயில் கனமே இல்லை, தண்ணீர். மாப்ள 40 கொடுத்தான். அவனுக்குச் சிக்மகளூர் காபி என்று மெனுவில் எழுதியிருந்தாலே பாதி மார்க் விழுந்துவிடும். அரைமணி நேரம் சண்டை. பில்லை அவன்தான் கட்டினான், அதனால் 29 ஆக்கினேன்.