வலிக்குப் போட்ட ஊசி

1994ல எனக்கு மொத போஸ்டிங் சத்தியமங்கலம் காட்டை ஒட்டின ஒரு ஊர்ல, கால்நடை ஆய்வாளர் வேலை. டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரு, மத்த நாளெல்லாம் நானும் ஒரு உதவியாளரும்தான். சுத்துப்பட்டுல எங்க மாடு படுத்துட்டாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க, நான் டாக்டர் இல்லம்மான்னு எத்தன தடவ சொன்னாலும் ஊருக்கு நான் மாட்டு டாக்டர்தான்.

ஒரு மாடு சாகப்போகுதுன்னு தெரிஞ்சா அந்த வீடு எப்படி ஆகும்னு பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஒரு பாட்டி, 70 வயசுக்கு மேல இருக்கும், ராத்திரி பூரா கொட்டாயிலயே உக்காந்துட்டு மாட்டோட தலையைத் தூக்கித் தன் மடியில வெச்சிருந்தாங்க. மாடு பல்லைக் கடிச்சுட்டு முனகிட்டே இருந்துச்சு. "ஏனுங் கண்ணு, பொழைக்கலீன்னாலும் பரவால்ல, வலி தெரியாமயாச்சும் போகட்டும், ஒரு ஊசி போட்டுருங்"னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. போட்டேன். டைக்ளோபெனாக், பெரிய மாட்டுக்கு 15 மில்லி. கொஞ்ச நேரத்துல முனகல் அடங்குச்சு, மாடு கழுத்தைத் தளர விட்டுச்சு, அந்தம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டே எனக்கு மோர் கொண்டு வந்தாங்க. விடிஞ்சப்புறம் மாடு செத்துப் போச்சு. அன்னிக்கு நான் சைக்கிளை மிதிச்சுட்டுத் திரும்பறப்போ ஒரு நல்ல காரியம் பண்ணின நிறைவோடதான் வந்தேன். இப்பவும் அதை மறைக்க மாட்டேன், உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சு.

அந்த மருந்து 90கள்லதான் மாட்டுக்கு மலிவாக் கிடைக்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி மடிவீக்கம், கால் வீக்கம், காய்ச்சல்னு வந்தா மாடு வலியோட கிடக்கும், நாம பாத்துட்டு நிக்கணும். இது வந்தப்புறம் ஒரே ஊசியில காய்ச்சல் எறங்குது, வீக்கம் வத்துது, மறுநாள் தீவனம் எடுக்குது. எங்க வேலைக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்துச்சு. வருஷத்துக்கு எத்தன பாட்டில் காலி பண்ணியிருப்பேன்னு நான் எண்ணினதில்ல.

ஊருக்கு வெளிய பள்ளத்துல செத்த மாடு போடற எடம் ஒண்ணு இருந்துச்சு. அங்க தோலுரிக்கிற பெரியவர் ஒருத்தர். ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடக்க மாட்டாரு, என்னையும் சாமின்னுதான் கூப்பிடுவாரு, வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. செத்த மாட்டைத் தூக்கற நாள் மட்டும்தான் ஊருக்கு அவரு ஞாபகம் வரும். ஆனா அந்தப் பள்ளத்துல என்ன நடக்குதுன்னு அவரை மாதிரித் தெரிஞ்ச ஆள் யாருமில்ல. பொணந்தின்னிக் கழுகு, அதான் பாறு கழுகுன்னு சொல்றோமே, அது எந்தத் திக்குல இருந்து வரும், எது மொதல்ல கண்ணைக் கொத்தும், எது கடைசி வரைக்கும் காத்திருக்கும் எல்லாம் சொல்லுவாரு. அவரு தோலை உரிச்சுட்டு நகர்றதுக்குள்ள மேல வட்டம் போட ஆரம்பிச்சுரும், ஒரு மணி நேரம் போய்ப் பாத்தா எலும்புக்கூடுதான் கிடக்கும், நாத்தமே இருக்காதுன்னு சொன்னாரு. நானே அதை ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன். முப்பது நாப்பது பறவை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சீறிக்கிட்டு, தலையை உள்ள விட்டு இழுக்கும்.

97ஆ 98ஆன்னு சரியா ஞாபகம் இல்ல, ஒரு நாள் அவரு மருந்தகத்து வாசப்படிக்குக் கீழயே நின்னுட்டு என்னைக் கூப்பிட்டாரு. "சாமி, கழுகுக கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு மரத்துல உக்காந்திருக்குதுங்க. கல்லெடுத்து வீசினாலும் பறக்கிறதில்லீங்க. நேத்து ரெண்டு கீழ உழுந்து கெடந்துச்சுங்க." நான் ஏதோ ரெஜிஸ்டர் எழுதிட்டு இருந்தேன். வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல, அதா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ்வளவுதான். எழுந்து வெளிய கூடப் போகல.

இதே சமயத்துல ராஜஸ்தான்ல பரத்பூர் சரணாலயத்துல விபு பிரகாஷ்னு ஒரு பறவை ஆய்வாளர் இதே காட்சியைப் பாத்து நோட்ல எழுதிட்டு இருந்திருக்காரு, கழுத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கு, அப்புறம் விழுந்து சாகுதுன்னு. அது உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. எங்க பெரியவர் சொன்னது என் மேசையைக்கூடத் தாண்டல. அவரு சொன்னா அதுல விஷயம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்கிறதுதான் நெசம், வேலை ஜாஸ்தி இருந்துச்சுன்னெல்லாம் இப்ப நான் காரணம் சொல்லப்போறதில்ல. யாரு பேச்சைக் காதுல வாங்கணும், யாரு பேச்சை விட்டுறணும்னு ஊரு நமக்குச் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்துருது, அது படிச்சாலும் உத்தியோகத்துக்கு வந்தாலும் போறதில்ல.

காரணம் 2003, 2004லதான் வெளிய வந்துச்சு. பாகிஸ்தான்ல செத்துக் கிடந்த கழுகுகளை லின்ட்சே ஓக்ஸ்னு ஒரு கால்நடை மருத்துவரும் அவரோட குழுவும் அறுத்துப் பாத்திருக்காங்க. உள்ளுறுப்பு மேலயெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்கு, யூரிக் அமிலம். சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கு. எதனாலன்னு தேடினா டைக்ளோபெனாக். மாடு அந்த ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு நாள்ல செத்தா மருந்து கறியில, ஈரல்ல தங்கியிருக்கும், அதைத் தின்ன கழுகு சில நாள்ல போயிரும். கூட்டமாத் திங்கற பறவை, ஒரு மாட்டுல மருந்து இருந்தா அந்தக் கூட்டமே காலி. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வைக்கும், அது வளந்து ஜோடி சேர அஞ்சு வருஷம் போல ஆகும், அப்புறம் எங்க எண்ணிக்கை திரும்பறது. செத்த மாடு நூத்துல ஒண்ணுல மருந்து இருந்தாக்கூடப் போதும், இனமே அழிஞ்சிரும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. வெண்முதுகுப் பாறு இந்தியாவுல 1992ல இருந்து 2007க்குள்ள 99.9 சதவீதம் குறைஞ்சு போச்சு, ஆயிரத்துக்கு ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு.

எனக்கு இதுல ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் ஒண்ணு இருக்கு. வயசான மாட்டைச் சந்தையில கேரளாவுக்கு ஏத்தி விட்டவங்களால எந்தக் கழுகும் சாகல. அந்த மாடு பள்ளத்துக்கே வரல. அடிமாட்டுக்குக் குடுக்க மனசு வராம, இத்தன வருஷம் பால் குடுத்த ஜீவன் நம்ம வாசல்லயே போகட்டும்னு வெச்சுப் பாத்து, கடைசி நாள்ல கூட வலி தெரியக்கூடாதுன்னு காசு செலவு பண்ணி ஊசி போட்டாங்களே, அந்த வீட்டு மாடுதான் பள்ளத்துக்குப் போச்சு. அந்தப் பாட்டி மாதிரி ஆளுங்க வீட்டு மாடு. நான் ஊசி போட்ட மாடு. அந்தப் பாட்டி பண்ணினது தப்புன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், இன்னிக்கும் சண்டைக்கு வருவேன், அந்தப் பாசம் இல்லாத ஊர்ல நான் வேலை பாக்க விரும்பியிருக்க மாட்டேன். ஆனா எங்க எல்லாரோட கருணையும் மாட்டோட மூச்சு நிக்கிறதோட முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அந்த ஒடம்பு எங்க போகுது, யாரு பசிக்கு ஆகுதுன்னு ஒருத்தர் கூட யோசிக்கல, யோசிக்கத் தெரிஞ்சவர் வாசப்படிக்குக் கீழ நின்னாரு.

பள்ளத்துல கழுகு நின்னதும் நாய் வந்துச்சு. மொதல்ல நாலஞ்சு, அப்புறம் இருவது இருவத்தஞ்சு. கறி தின்னு பழகின நாய்ங்க, ஆட்டுப்பட்டியில பூந்துச்சு, பள்ளிக்கூடம் போற பையன் ஒருத்தனைத் தொடையில கடிச்சு எடுத்துச்சு, அவனுக்கு ஊசி போடத் தூக்கிட்டு ஓடினதுல நானும் ஒருத்தன். 2024ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் பண்ணிப் போட்டிருந்தாங்க, கழுகு போனதால தண்ணி கெட்டு, நாய் பெருகி, 2000ல இருந்து 2005க்குள்ள இந்தியாவுல கூடுதலா 5 லட்சம் பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு. அந்த நம்பரைப் படிச்சப்போ எனக்கு அந்தப் பையனோட தொடைதான் கண்ணுக்கு வந்துச்சு.

2006ல மாட்டுக்கு டைக்ளோபெனாக் தடை பண்ணினாங்க. பயிற்சிக்குக் கூப்பிட்டு மெலாக்சிகாம் போடச் சொன்னாங்க, அது கழுகுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சோதிச்சுப் பாத்த மருந்து. ஆனா ஊர்ல யாரு கேட்டா, பழைய ஊசிதான் சட்டுன்னு கேக்கும்னு மெடிக்கல்ல மனுசனுக்கு விக்கிற 30 மில்லி பாட்டிலை வாங்கிட்டு வந்து நீட்டுவாங்க. நம்ம ஆளுங்களே சில பேரு அதைப் போட்டாங்க. 2015ல அந்தப் பெரிய பாட்டிலையும் நிறுத்தி 3 மில்லிக்கு மேல வரக்கூடாதுன்னு ஆக்கினப்புறம்தான் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்துச்சு, மாட்டுக்கு அஞ்சு ஊசி ஒடைக்கணும்னா யாரும் மெனக்கெட மாட்டாங்க. அப்புறம் அசிக்ளோபெனாக், அது மாட்டு ஒடம்புக்குள்ள போய் டைக்ளோபெனாக்காவே மாறிருது, அதையும், கழுகுக்கு ஆகாத இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோபெனையும் 2023லதான் தடை பண்ணினாங்க.

நடுவுல இன்னொண்ணும் நடந்துச்சு. சுத்தம் சுகாதாரம்னு சொல்லி செத்த மாட்டையெல்லாம் குழி தோண்டி சுண்ணாம்பு உப்புப் போட்டுப் பொதைங்கன்னு நாங்களே ஊர் ஊராச் சொன்னோம். நோய்ல செத்த மாட்டைப் பொதைக்கத்தான் வேணும், அடைப்பான்ல, அதான் ஆந்த்ராக்ஸ்ல செத்ததை வெளிய போட்டா ஊரே போயிரும், மருந்து ஏத்தினதையும் வெளிய விடக்கூடாது. ஆனா எல்லாத்தையும் பொதைச்சா மிச்சம் இருக்கிற கழுகு எதைத் திங்கும்? சுத்தம்கிறது நல்ல விஷயம்னு நாங்க நிறுத்தி யோசிக்காமச் சொல்லிட்டுப் போயிட்டோம்.

தடை வந்த வருஷம் பயிற்சி முடிச்சுட்டு பஸ்ல திரும்பறப்போ அந்தப் பெரியவர் ஞாபகம்தான். அதுக்குள்ள எனக்கு வேற ஊருக்கு மாத்தலாகியிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை தேடிட்டுப் போனேன், அவரு சொன்னது சரிதான்னு அவருகிட்டயே சொல்லிரணும்னு. வீட்டுல அவரு மகன் இருந்தாரு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, லீவுக்கு வந்திருந்தாரு. அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சுன்னாரு. நான் திண்ணையில உக்காந்து நடந்தது எல்லாத்தையும் அவருகிட்ட சொன்னேன், கழுத்து தொங்கினது, நான் வெயில்னு சொன்னது, ஊசி, எல்லாம். அவரு கோவப்படல. கேட்டுட்டு ரொம்ப நேரம் பள்ளத்துப் பக்கமே பாத்துட்டு இருந்தாரு.

"இப்ப எங்கயாச்சும் இருக்குதுங்களா சார்?"

மாயாறு பக்கம் கொஞ்சம் இருக்குன்னு சொன்னேன்.